வரைபடத்தில் இருக்கும் ஏரி

புவியியல் நடத்துவதால்தான் அவருக்குப் பூகோளம் சார் என்று பெயர் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் அவர் எதிரே சொல்வார்கள். வயிறும் ஒரு காரணம் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். இரண்டும் அவருக்குத் தெரியும், இரண்டிலும் வருத்தம் கிடையாது. அவருக்கு வருத்தமெல்லாம் பாடவள வாரியம் என்று ஒன்று வந்த பிறகுதான் ஆரம்பித்தது.

அதற்கு முன்னால் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வேண்டியதையெல்லாம் அவரே செய்துகொள்வார். பெரிய தகரத் தட்டில் ஈர மணலைப் பரப்பி, ஒரு பக்கம் சற்று உயர்த்திவைத்து, ஓட்டை வாளியிலிருந்து தண்ணீரை விடுவார். தண்ணீர் தனக்கு வழி தேடி வளைந்து நெளிந்து ஓடும். பிள்ளைகள் நனைந்துகொண்டே ஆறு எப்படி வளைகிறது என்று பார்ப்பார்கள். தேர்வுக்கு முன்னால் அந்தத் தட்டை இன்னொரு முறை எடுத்தால் போதும், பாதிப் பாடம் திரும்ப ஞாபகத்துக்கு வந்துவிடும்.

வாரியம் வந்ததும் எல்லாவற்றுக்கும் முத்திரை வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாணவர் நலன் கருதி, முத்திரை இல்லாத எந்தப் பொருளும் வகுப்பறைக்குள் நுழையக்கூடாது. பூகோளம் சார் தன்னுடைய சாமான்களையெல்லாம் ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பிவைத்தார். உலக உருண்டைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் முத்திரையைக் கடலின்மேல் ஒட்டியிருந்தார்கள். அதற்கடியில் சில தீவுகள் போய்விட்டன. அந்த ஆண்டு முதல் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அப்படிச் சில தீவுகள் இருப்பதே தெரியாது.

மழைமானியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மழை பெய்யாத நாட்களில் அது ஒன்றும் காட்டாமல் இருப்பது மாணவர்களின் ஊக்கத்தைக் குறைக்கும் என்று குறிப்பு எழுதியிருந்தது. மணல் தட்டு திரும்பி வரவே இல்லை. தொலைபேசியில் கேட்டபோது முத்திரைப் பிரிவு அதிகாரி பொறுமையாக விளக்கினார்.

"சார், நாங்க உங்க தட்டை வச்சு மூணு தடவை தண்ணி விட்டுப் பார்த்தோம். மூணு தடவையும் ஆறு வேற வேற மாதிரி ஓடுது. எந்த ஆத்துக்கு நாங்க முத்திரை போடறது, சொல்லுங்க?"

"ஆறுன்னா அப்படித்தான் சார் ஓடும்" என்றார் பூகோளம் சார்.

"அதைத்தான் சரி பண்ணணும்னு வாரியம் நினைக்குது" என்றார் அதிகாரி.

இத்தனைக்கும் பதிலாக வாரியம் கொடுத்தது ஒரு மீள்பார்வைக் கையேடு. அதன் முதல் பக்கங்களில் தலைவர், துணைத் தலைவர், செயலாளர் எல்லாரும் சிரித்தபடி வாழ்த்தியிருந்தார்கள். அதற்குப் பிறகு மாதிரி வினாக்கள், மாதிரி விடைகள், வரைபடங்கள். வரைபடங்கள் எந்தக் காலத்திலோ வரையப்பட்டவை. ஊருக்குக் கிழக்கே ஒரு பெரிய ஏரி, துணிக்குப் போடும் சொட்டுநீலத்தின் நிறத்தில் பளிச்சென்று கிடந்தது. அதனால் பாசனம் நடப்பதாகவும் மீன்பிடித் தொழில் நடப்பதாகவும் வெளியூர்ப் பறவைகள் வந்து போவதாகவும் கையேடு சொன்னது.

அந்த ஏரியைப் பார்த்தே தீருவது என்று அவர் கிளம்பியதில்தான் வினை ஆரம்பித்தது.

அந்த ஆண்டு அவருடைய மகளும் அவர் வகுப்பில்தான் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவரை "சார்" என்று கூப்பிட வேண்டும் என்பது இருவருக்கும் இடையே ஒப்பந்தம். பழக்கதோஷத்தில் சில நாள் வீட்டுச் சாப்பாட்டின்போது, "சார், அந்தத் தண்ணிச் செம்பை எடுங்க" என்பாள். அம்மாக்காரிக்குச் சிரிப்பு அடங்காது. சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தண்ணீர்மேல் பைத்தியம். மொட்டை மாடியில் ஒரு பாட்டிலை அறுத்துவைத்துத் தினமும் மழை அளப்பாள். அரசுக் கல்லூரியில் நீர்வளப் படிப்புப் படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை வகுப்பு மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு கிழக்கே நடந்தார். எல்லார் கையிலும் கையேடு. பேருந்து நிலையம் தாண்டி, மரக்கடை தாண்டி, ஏரிக்கரை இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தபோது எதிரே ஒரு பெரிய இரும்பு வாயில் நின்றது. வாயிலுக்கு மேலே பாடவள வாரியம், தலைமை அலுவலகம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பின்னால் வரிசை வரிசையாகப் புது வீடுகள்.

வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் காவலாளியிடம் போனார்.

"ஏம்ப்பா, இங்க ஒரு ஏரி இருக்கணுமே?"

"எந்த ஏரியா சார்?"

"ஏரியா இல்லப்பா. ஏரி. தண்ணி நிக்கற ஏரி."

"உள்ள யாரைப் பார்க்கணும்? அனுமதிச் சீட்டு இருக்கா?"

பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். முழு ஏரியைக் கட்டடத்தில் மறைத்ததை அன்றுதான் பார்த்தார். ஆனால் ஆசிரியர் ஆசிரியர்தான். சாலை இந்தப் பக்கம் எப்படிச் சரிந்து இறங்குகிறது என்று காட்டினார். வாரியத்தின் மதில் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் படிந்திருந்த நீர்க்கறையைக் காட்டினார். சாக்கடைக்குள் கத்திய தவளையைக்கூட விடவில்லை. எங்கிருந்து தண்ணீர் வந்தது, இப்போது வந்தால் எங்கே போகும் என்று அவர்களையே சொல்லவைத்தார். கடைசியில் குரல் சற்று உயர்ந்துவிட்டது.

"வரைபடம் ஒண்ணு சொல்லும், நிலம் ஒண்ணு சொல்லும். ரெண்டும் ஒத்துவரலேன்னா நிலத்தை நம்புங்க. கண்ணால பார்த்ததை எழுதறதுக்குப் பயப்படாதீங்க."

தன் வாழ்நாளில் நடத்திய பாடங்களில் அதுதான் சிறந்தது என்று அன்று வீடு திரும்பும்போது நினைத்துக்கொண்டார்.

வாரியம் நடத்திய பொதுத்தேர்வில் அந்த ஏரி வந்தது. ஊருக்குக் கிழக்கே உள்ள நீர்நிலையை வரைபடத்தில் குறித்து அதன் பயன்களை விளக்குக என்று கேட்டிருந்தார்கள். கணிசமான மதிப்பெண்.

முடிவு வந்த அன்று மகள் அழவில்லை. கணினி மையத்தில் எடுத்த தாளை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நீர்வளப் படிப்புக்கு ஒரு கை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில் மதிப்பெண் நின்றுபோயிருந்தது. விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தார்கள். மற்றக் கேள்விகளிலெல்லாம் மதிப்பெண் குறையவில்லை. ஏரிக் கேள்விக்கு மட்டும், "அந்த இடத்தில் இப்போது ஏரி இல்லை, கட்டடங்கள் உள்ளன" என்று ஆரம்பித்து, மழைநீர் எந்தப் பக்கம் போய்த் தேங்கும் என்றுவரை அழகாக எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெரிய சுழியம்.

மற்றப் பிள்ளைகளை விசாரித்தார். அன்று காவலாளியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர்களில் ஒருவன் தலையைச் சொறிந்தான். "நமக்கு எதுக்கு சார் வம்புன்னு ஏரின்னே எழுதிட்டோம். எல்லாரும்தான் சார்."

மனைவி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். எழுதிக்கொடுத்த மருந்தை எழுதியபடியே கொடுத்துப் பழகியவள்.

"ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் நீங்க சொன்னதைக் காதுல வாங்கிட்டு விட்டுடுச்சுங்க. நம்ம பொண்ணு ஒருத்திதான் அதை நம்பிட்டா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னாள். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சொல்வாங்க. இங்க ஏட்டுச் சுரைக்காய்க்குத்தாங்க மார்க்கு. நிஜச் சுரைக்காயைக் கொண்டுபோனா முட்டைதான்."

மறுபரிசீலனைக்கு மனுப்போட்டு, அப்பாவும் மகளும் வாரியத்துக்குப் போன அன்று நல்ல மழை.

வாசலிலேயே முத்திரைப் பிரிவு அதிகாரி முழங்கால்வரை கால்சட்டையை மடித்துவிட்டபடி எதிரே வந்தார். "வாங்க சார், வாங்க. செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்குங்க. மழை நாள்ல இங்க அப்படித்தான்."

கீழ்த்தளத்தில் கணுக்காலுக்கு மேலே தண்ணீர் நின்றது. மேசைகளைச் செங்கல்மேல் தூக்கிவைத்திருந்தார்கள். ஊழியர்கள் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேநீர் கொண்டுவந்தவர் அலை எழாமல் நடக்கப் பழகியிருந்தார். ஒருவர்கூட அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மகள் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். எந்த மூலையிலிருந்து வருகிறது என்று அவள் கண் தேடுவதை அவர் கவனித்தார். அந்த நிலையிலும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

மாடியில் தலைவரின் அறை உலர்ந்திருந்தது. தலைவர் தங்கமான மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். மகளைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"கையேட்டுல அந்த இடத்துல என்னம்மா இருந்துச்சு?"

"ஏரி சார்."

"நீ என்ன எழுதின?"

"ஏரி இல்லைன்னு."

"ஏம்மா?"

"இல்லை சார். அதனாலதான்."

தலைவர் வருத்தத்தோடு தலையாட்டினார். பூகோளம் சார் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து வந்தார். "ஐயா, வேற எங்கயும் போக வேண்டாம். நாம இப்ப உட்கார்ந்திருக்கிற இந்த இடம்தான் அந்த ஏரி."

"பார்த்தீங்களா? ஏரி இருக்குன்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"இருந்துச்சு ஐயா. இப்ப இல்ல."

"இருந்துச்சு, இல்ல, இதெல்லாம் வரலாற்றுப் பாடம் சார். நீங்க புவியியல்" என்றார் தலைவர். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல. எனக்கும் பொண்ணு இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஊர் முழுக்க எழுதற பரிட்சை. உங்க பொண்ணு நேர்ல போய்ப் பார்த்துட்டு எழுதியிருக்கா. போய்ப் பார்க்க முடியாத பிள்ளைங்க எத்தனை பேர்? அவங்களுக்கு இது அநியாயம் இல்லையா? எல்லாரையும் பார்க்க வைக்க நம்மால முடியாது. யாருமே பார்க்காம இருக்க வைக்கலாம். அதுக்குப் பேருதான் சார் சமத்துவம்."

மகள் எதையோ சொல்ல வாயெடுத்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அப்புறம் இன்னொண்ணு" என்று தலைவர் குரலைத் தாழ்த்தினார். "வெளியில சொல்லாதீங்க. கையேட்டுல ஏரி இல்லைன்னு போட்டா, அடுத்த நாளே ஒருத்தன் வந்து ஏரி என்னாச்சுன்னு கேட்பான். யார் தூர்த்ததுன்னு கேட்பான். அப்புறம் நாங்களே எங்களைக் காலி பண்ணச் சொல்லி எங்களுக்கு நோட்டீஸ் கொடுக்கணும். இந்த வயசுல எங்க சார் போறது? கையேட்டுல ஏரி இருக்கிற வரைக்கும் எல்லாருக்கும் நிம்மதி. ஏரிக்கும்தான்."

ஆனாலும் வாரியம் ஒருதலையாக முடிவெடுக்காது என்றார். முறைப்படி கள ஆய்வுக் குழு போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கும். குழுவில் மூன்று பேர், அந்த அறை ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் குடையோடு எழுந்து மாடிப்படி இறங்கினார்கள். அப்பாவும் மகளும் காத்திருந்தார்கள். கீழே சளப் சளப் என்று நடக்கும் சத்தம் மேலே கேட்டது. குழு திரும்பி வந்தபோது ஒருவருக்கு முழங்கால்வரை நனைந்திருந்தது. இன்னொருவர் தேநீர்க் குவளையில் எதையோ எடுத்து வந்து தலைவரின் மேசைமேல் வைத்தார். அதற்குள் விரல் நகம் நீளத்துக்கு ஒரு மீன்குஞ்சு சுற்றிச் சுற்றி வந்தது.

முத்திரைப் பிரிவு அதிகாரி அறிக்கையை நின்றபடி வாசித்தார். "குறிப்பிட்ட இடத்தில் நீர் காணப்பட்டது. மீன்வளமும் காணப்பட்டது. பறவைகள் மழை காரணமாகக் காணப்படவில்லை. எனவே ஏரி உள்ளது. விடைக்குறிப்பு சரி."

அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தலைவர் மகளின் தலையில் கைவைத்து, நன்றாகப் படிக்க வேண்டும் என்று ஆசீர்வதித்தார்.

திரும்பும் பேருந்தில், இறங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் மகள் சன்னல் பக்கம் பார்த்தபடியே, "அந்த மீனை எங்கப்பா விட்டிருப்பாங்க?" என்று கேட்டாள்.

வாரியம் அத்தோடு விடவில்லை. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்க் காட்டிய குற்றத்துக்காக அவருக்குத் திருத்தப் பயிற்சி விதித்தார்கள். தலை நரைத்த ஆசிரியர்கள் பலர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் வேதியியல். கையேடு நிறமில்லை என்று சொன்ன உப்பு நீலமாக வந்துவிட்டது, அதை நீலம் என்றே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார், அதற்காக வந்திருந்தார். பூகோளம் சாரைக் கையேட்டில் உள்ளபடி ஏரியை வரையச் சொன்னார்கள். முதலில் கரை கொஞ்சம் கோணலாக வந்தது. மறுபடி வரையச் சொன்னார்கள். வரைந்தார். கரை பிசகாமல் வரும்வரை வரைந்தார். கடைசி நாளில் சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டில் யார் கண்ணிலும் படாமல் அதை அலமாரியில் துணிக்கடியில் வைத்தார்.

அதற்குள் அரசுக் கல்லூரியில் இடங்கள் நிரம்பிவிட்டன. மகள் பக்கத்திலிருந்த கல்லூரியில் வணிகவியலில் சேர்ந்தாள். கல்லூரிக்கு ஒழுங்காகப் போனாள், ஒழுங்காக வந்தாள். பிராது என்று சொல்ல ஒன்றுமில்லை. மாடியில் இருந்த பாட்டிலை மட்டும் அவள் இப்போதெல்லாம் தொடுவதில்லை. காற்றில் சாய்ந்து, உருண்டு, தண்ணீர்த் தொட்டிக்கடியில் போய்க் கிடந்தது.

புது வகுப்புக்குப் பாடம் தொடங்குவதற்கு முந்தைய மாலை, துணி எடுக்க மாடிக்குப் போனவர் அவள் அங்கே நிற்பதைப் பார்த்தார். பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கொடியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லாம் எடுத்தாகிவிட்டது.

"நான்தாம்மா உன்னைக் கெடுத்துட்டேன்."

"அப்படியெல்லாம் இல்லப்பா. நீங்க தப்பா ஒண்ணும் சொல்லிக்குடுக்கல."

"அம்மா சொல்றதுதான் சரி. எல்லாரும் காதுல வாங்கி விட்டதை நீ மட்டும்…"

"எனக்கு அன்னிக்குப் பிடிச்சிருந்துச்சுப்பா. அந்தச் சுவத்துக் கறையை நீங்க காட்டினீங்களே, அது." அவள் அவர் கையிலிருந்த துணிகளில் பாதியை வாங்கிக்கொண்டாள். மடிக்கத் தொடங்கினாள். அவர் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள். "ஆனா இந்த வருஷப் பிள்ளைங்களுக்கு ஏரின்னே சொல்லிக்குடுங்கப்பா."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சரின்னு சொல்லுங்கப்பா."

"சரிம்மா" என்றார்.

புது வகுப்பில் அவர் மிகவும் ஒழுங்கான ஆசிரியராக ஆகிவிட்டார் என்று தலைமையாசிரியரே பாராட்டினார். மணல் இல்லை, தண்ணீர் இல்லை, தரை அழுக்காவதில்லை. பக்கம் சொல்வார், பிள்ளைகள் திறப்பார்கள். கோடு போடச் சொல்வார், போடுவார்கள்.

மழைக்காலம் பிறந்த பிறகு ஒருநாள் ஏரிப் பாடம் வந்தது. வெற்று வரைபடத்தை எல்லாருக்கும் கொடுத்து, கையேட்டில் உள்ளபடி ஏரியைக் குறித்து நீலம் தீட்டச் சொன்னார். வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தபோது கடைசி பெஞ்சில் ஒரு பெண் தீட்டாமல் உட்கார்ந்திருந்தாள். ஈரம் காயாத பாவாடை, ஈரம் காயாத பை. அதிகம் பேசாத பிள்ளை. ஏரி இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு வீடு வரைந்திருந்தாள். கூரை, கதவு, ஒரு சன்னல்.

"என்னம்மா இது?"

"எங்க வீடு சார். வாரிய ஆபீசுக்குப் பின்னாடி தெரு."

பூகோளம் சார் குனிந்து அந்த வீட்டைப் பார்த்தார்.

"ஏரி போட்டா எங்க வீடு தண்ணிக்குள்ள போயிடுமே சார்" என்றாள். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, மெல்லக் கேட்டாள். "சார், மழை பேஞ்சா எங்க வீட்டுக்குள்ள மட்டும் தண்ணி வந்துடுது சார். நேத்து தம்பியைக் கட்டில்மேல நிக்க வச்சுட்டு அம்மா இறைச்சுக்கிட்டே இருந்தாங்க. மேட்டுத் தெருவுல வரல. எங்க தெருவுல மட்டும் ஏன் சார் வருது?"

இந்த ஒரு கேள்விக்காக அவர் ஒரு காலத்தில் அன்றைய பாடத்தையே தூக்கி ஒரு பக்கம் வைத்திருப்பார். தகரத் தட்டை எடுத்திருப்பார். மதில் சுவர்வரைக்கும் மொத்த வகுப்பையும் நடத்திப் போயிருப்பார். வகுப்பில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது பரிட்சைக்கு வராதும்மா" என்றார்.

அந்தப் பெண் "சரி சார்" என்று தலையாட்டினாள். நீலப் பென்சிலை எடுத்தாள். கோட்டைத் தாண்டாமல், பார்த்துப் பார்த்து, முதலில் கதவின்மேல், பிறகு சன்னலின்மேல், பிறகு கூரையின்மேல் தீட்டிக்கொண்டே போனாள்.